செவலை வாங்கிக்கொண்ட காய்ச்சல்

எங்கள் வெண்ணெய்ப்பாறையில் டிராக்டருக்குக் காய்ச்சலைக் கொடுத்துக் கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. இதை மலைக்குக் கீழே யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டுப் பார்க்கட்டும். இப்போது என் நெற்றியில் வெறும் வியர்வைதான் இருக்கிறது. நான் குடியிருக்கும் ஊரில் மார்கழியிலும் மின்விசிறி சுற்றுகிறது, எந்த வண்டியும் சாவியைத் திருப்பியதும் முனகாமல் கிளம்பிவிடுகிறது, அப்படிக் கிளம்பும் ஒவ்வொரு வண்டியின் சத்தத்தைக் கேட்கும்போதும் எனக்கு அந்தக் குளிர்ந்த விடியல்கள் மேல் ஆசை பொங்கிக்கொண்டு வருகிறது.

குளிர் என்றால் போர்வைக்குள் சுகமாகச் சுருண்டு கிடக்கும் குளிர் இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் குடத்துத் தண்ணீர் தனக்குத் தானே ஒரு மூடியைப் போட்டுக்கொள்ளும், தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைக்காமல் யாரும் தலைவார முடியாது, கொடியில் மறந்துவிட்ட வேட்டி விடியும்போது பலகையாக விறைத்து நிற்கும், மடித்தால் முறிந்துவிடும் என்று பயந்து வெயில் வரும்வரை அதைத் தொடாமல் இருப்போம், பாலில் உறைமோர் ஊற்றி வைத்தால் மறுநாளும் அது பாலாகவே எங்களைப் பார்க்கும். உருளைக்கிழங்குக் காடெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். உறைபனி தானாக எந்தச் செடியையும் கொல்லாது, அதன் மேல் வெயில் படும்போதுதான் இலை வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிச் சாகும். ஆகவே கிழக்குப் பாறைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் இலைமேல் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியைக் கழுவிவிட வேண்டும். அதற்கு ஓடையிலிருந்து தண்ணீர் இழுக்கும் பம்பு ஊருக்கே ஒன்றுதான் இருந்தது, அந்தப் பம்பைச் சுழற்ற இருந்ததும் ஒரே டிராக்டர்தான்.

காத்தமுத்து அதைச் சமவெளியில் யாரோ கழித்துக் கட்டியதை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அது வந்த வாரத்தில்தான் அவருடைய செவலைக்காளை செத்துப்போனது, வண்டியும் சிவப்பாக இருந்தது, அதனால் காளையின் பெயரும் கழுத்துமணியும் டிராக்டருக்கு வந்து சேர்ந்தன. பெயர் வந்தால் மரியாதையும் வரத்தானே செய்யும்? மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பு இல்லாத குறைக்குப் புகைக்குழாயில் வர்ணம் பூசினோம், முகத்தில் சந்தனம் வைத்தோம், ராத்திரியில் முதுகில் கோணிச்சாக்குப் போர்த்தினோம். முதல் குளிர்காலத்தில் அது கிளம்ப மறுத்தபோது, சளி பிடித்த மாட்டுக்குக் கொடுப்பதுபோல் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து ரேடியேட்டரில் ஊற்றியவர்கள் நாங்கள். கீழேயிருந்து வந்த மெக்கானிக் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, டீ குடிக்கும்போதெல்லாம் புரையேறும்வரை சிரித்தான்.

ஆனால் அவன் சொல்லிக்கொடுத்த வழிகளும் பெரிதாகப் பலிக்கவில்லை. டீசல் நெய்யாக உறைந்திருக்கும், இன்ஜின் ஆயில் கருப்பட்டிப் பாகாகக் கெட்டித்திருக்கும். பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய் அடுப்பங்கரையில் கம்பளி போர்த்தித் தூங்கவைத்தோம். அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றினோம், அடிவயிற்றுக்குக் கீழே சட்டியில் நெருப்பு வைத்தோம், எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காற்று இழுக்கும் வாயருகே காட்டினோம், கடைசியில் ஊரே சேர்ந்து சரிவில் தள்ளினோம். சில நாள் செவலை இருமிவிட்டுக் கிளம்பும். பல நாள் சண்டிமாடுபோல் அப்படியே உட்கார்ந்துவிடும். அப்போது சூரியன் பாறைக்கு மேலே வந்து எங்கள் காட்டை நிதானமாகத் தின்னும், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு விடியலில் காத்தமுத்துவுக்குக் கடுமையான காய்ச்சல். படுத்திருக்க வேண்டிய மனுஷன், கம்பளியைச் சுற்றிக்கொண்டு தள்ளாடி வந்தார். நெருப்பும் பலிக்கவில்லை, வெந்நீரும் பலிக்கவில்லை. நிற்க முடியாமல் இன்ஜின் மேல் இரண்டு கையையும் வைத்து, நெற்றியையும் சாய்த்து, "ஏலே செவலை, என்னால முடியலடா" என்றார். சாவியைத் திருப்பியிருந்தது அவருடைய மச்சினன். செவலை ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது, கிளம்பிவிட்டது. பம்பு சுற்றியது, காடு நனைந்தது. காத்தமுத்து நிமிர்ந்து, கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டு, "பசிக்குதே, பழைய சோறு இருக்கா?" என்று கேட்டார். தொட்டுப் பார்த்தோம். காய்ச்சல் இல்லை.

மறுநாள் மச்சினனுக்குக் காய்ச்சல், அவனும் கை வைத்தான், செவலை கிளம்பியது, அவனும் பழைய சோறு கேட்டான். அதற்குப் பிறகு யாரும் அதை ஆராய்ச்சி செய்யவில்லை. வண்டி காய்ச்சலை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பசு புல்லை எடுத்துக்கொண்டு பாலாகக் கொடுப்பதை யார் ஆராய்ந்தார்கள்?

அந்த வருஷத்திலிருந்து வெண்ணெய்ப்பாறையில் காய்ச்சலுக்கு வந்த மவுசு வேறு எந்த ஊரிலும் எந்த நோய்க்கும் வந்திருக்காது. யாருக்காவது உடம்பு சுட்டால் வெற்றிலை பாக்கோடு போய் அழைத்தோம், கோழி அடித்துக் குழம்பு வைத்தோம், விடியலில் கம்பளி போர்த்திக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ச் செவலைமேல் கை வைக்கச் சொன்னோம். காய்ச்சலுக்குக் காய்ச்சல் செவலையின் குணம் மாறுவதையும் கண்டுகொண்டோம். நடுக்கக் காய்ச்சலை வாங்கினால் அது காலை முழுக்கக் குலுங்கிக் குலுங்கி ஓடும், சளிக்காய்ச்சலை வாங்கினால் தும்மிப் புகை விடும், விட்டு விட்டு வருகிற காய்ச்சல் என்றால் நடு வேலையில் நின்றுபோய் எல்லோரையும் கதிகலங்க வைத்துவிட்டு மறுபடி தானே கிளம்பும். சமவெளியில் கொசுக்கடியில் வாழும் சொந்தக்காரர்களுக்கு, "உடம்புக்கு முடியலைன்னா இங்க வந்துருங்க, மருந்து கிருந்து சாப்பிட்டுத் தொலைச்சிராதீங்க" என்று சொல்லி அனுப்பினோம். பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு வருஷத்துல ரெண்டு மூணு தடவை நல்ல காய்ச்சல் வரும்" என்று பையனைப் பெற்றவர் பெருமையாகச் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கோழிக்குழம்புக்கு ஆசைப்பட்ட ஒருவன் அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு உடம்பைச் சுடவைத்து வந்து கையும் வைத்தான். செவலை கிளம்பவில்லை, ஆனால் பொங்கல்வரை அதன் புகையில் வெங்காயம் வதக்குகிற வாசம் வந்தது, அவன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

வாரம் ஒருநாள் ஊருக்கு வரும் நர்ஸம்மா ரெஜினாதான் பாவம். அவர் கொடுக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தலையாட்டுவோம். "காய்ச்சலை ஊறுகாய் மாதிரி போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று திட்டுவார். திட்டுவதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் போகப்போக நாங்கள் காய்ச்சலைச் சேமிக்கப் பழகியிருந்தோம். வானம் மூடியிருந்தால் மறுநாள் உறைபனி இருக்காது, அப்படிப்பட்ட நாளில் வந்த காய்ச்சலை வீணாக்காமல், வானம் தெளியும்வரை மருந்து கொடுக்காமல் போர்த்திப் போர்த்தி வைத்துக்கொண்டோம். பெரியவர்கள் உடம்புதானே, தாங்கும் என்று நினைத்தோம். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ஊரில் ஒரே ஒரு காய்ச்சல் மட்டும் செவலைக்குக் கிடைக்காமல் இருந்தது. அது பூரணத்தின் காய்ச்சல்.

பூரணம் சாவடிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள் செண்பகம், நாக்கை நீட்டி மூக்கைத் தொடுவாள், கடைக்கு வருபவர்களையெல்லாம் தொட்டுக் காட்டச் சொல்லி வம்பு பண்ணுவாள். செவலை வந்த இரண்டாவது குளிர்காலத்தில், அதாவது அது காய்ச்சலை எடுத்துக்கொள்ளத் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஒரு சாயங்காலம் செண்பகத்துக்கு உடம்பு கொதித்தது. அப்போது நர்ஸம்மாவும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது, டவுனுக்குப் போகச் செவலையும் அதன் பின்னால் மாட்டுகிற தொட்டியும்தான். மூடுபனியில் பாதை கண்ணுக்குத் தெரியாது என்று பயந்து காத்தமுத்து, "விடியட்டும் தாயி, விடிஞ்சதும் கிளம்பிருவோம்" என்றார். விடிந்தது. பூரணம் பிள்ளையைச் சேலைக்குள் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் வெந்நீர் ஊற்றினோம், நெருப்பு வைத்தோம், தள்ளினோம். செவலை கிளம்பவே இல்லை. கடைசியில் பிள்ளையை ஆளுக்கு ஆள் மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று முடிவெடுத்துத் தொட்டியருகே போனபோது, பூரணம் சேலையை விலக்கவில்லை. உள்ளே பிள்ளை ஆற ஆற அவள் உடம்பு சுட்டுக்கொண்டு வந்திருக்கிறது. செண்பகம் முழுக்கக் குளிர்ந்துபோனபோது அந்தக் காய்ச்சல் முழுக்கத் தாயிடம் வந்து சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அது அவளை விட்டுப் போகவில்லை. வருஷங்கள் போயின, நர்ஸம்மா வாரந்தோறும் அவள் வாயில் கண்ணாடிக் குச்சியை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், பூரணம் ஒரு மாத்திரையையும் தொடவில்லை. உருகவும் இல்லை, படுக்கவும் இல்லை, அந்தச் சூட்டோடேயே டீ ஆற்றினாள், விறகு பிளந்தாள். மலையில் கம்பளி இல்லாமல் நடமாடிய ஒரே ஆள் அவள்தான். குளிர்காலத்தில் யார் வீட்டிலும் பால் உறையாது என்பதால், உறைமோர் ஊற்றிய சொம்புகளை அவளிடம் கொடுத்துவிடுவோம். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், மத்தியானத்துக்குள் தயிராகிவிடும். ஊரே அவள் மகளின் காய்ச்சலில் உறைந்த தயிரைத்தான் சாப்பிட்டது.

ஒரே ஒரு தடவை, பனி கொட்டிய ஒரு வாரத்தில், நாங்கள் சிலர் தயங்கித் தயங்கி அவளிடம் போய்க் கேட்டோம். கரண்டி பறந்து வந்தது.

"இது எம்பிள்ள எனக்குக் குடுத்துட்டுப் போனது. அந்த இரும்புக்குக் குடுக்கவா நான் வெச்சிருக்கேன்?"

அதோடு விட்டுவிட்டோம். செவலை நிற்கும் வழியாக அவள் நடப்பதே இல்லை. ஓடைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

அப்புறம் அந்தக் குளிர்காலம் வந்தது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கிழங்கு செழித்து நின்றது, கேரட்டுக் காட்டைக்கூட உருளைக்குத் திருப்பியிருந்தோம், ஊரின் சாப்பாடும் கல்யாணமும் அந்தச் செடிகளின் தலையில்தான் இருந்தன. கொடுமை என்னவென்றால் ஊரில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் ஆரோக்கியம். உறைபனி விழத் தொடங்கியது, செவலை உட்கார்ந்துவிட்டது, கீழ்க்காடு ஒரே காலையில் கருகிப்போனது. ஓடையில் முங்கிப் பார்த்தோம், ஈரத்துணியோடு கிடந்து பார்த்தோம், ஒரு தும்மல்கூட வரவில்லை. கோயிலில் போய் நின்று எங்களுக்குக் காய்ச்சல் கொடு என்று கும்பிட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

சாமி கொடுத்தது. செல்லையா வீட்டுக் குழந்தை பவித்ராவுக்குக் கொடுத்தது.

அன்று சாயங்காலம் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருந்தது, காற்று அசையவில்லை. மேல்காட்டையும் உறைபனி தின்னப்போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாங்கள் ஒவ்வொருவராகச் செல்லையா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. உள்ளே நடை பழகும் வயதுப் பிள்ளை முனகிக்கொண்டிருந்தது. அதன் அம்மா சுகந்தி, நர்ஸம்மா கொடுத்துவைத்திருந்த மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள், செல்லையா எங்கள் முகத்தைப் பார்த்தான், நாங்கள் காத்தமுத்துவைப் பார்த்தோம்.

"ஒரு ராத்திரிதான தாயி" என்றார் காத்தமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு. "இப்ப மருந்து குடுத்தா காலையில சூடு இருக்காது. விடியட்டும். விடிஞ்சதும் கையைப் புடிச்சு வண்டி மேல வெச்சா, காய்ச்சல் தன்னால எறங்கிரப் போகுது."

"பிள்ள ரொம்பச் சுடுது மாமா" என்றாள் சுகந்தி.

"விடியட்டும்."

வாசலில் தயிர்ச் சொம்போடு பூரணம் நின்றுகொண்டிருந்தாள். சொம்பைக் கொடுக்க வந்தவள். எப்போது வந்தாளோ, எதுவரை கேட்டாளோ தெரியாது.

"விடியட்டும்" என்று அவளும் சொன்னாள். "அன்னைக்கும் இதே வாயாலதான சொன்ன, காத்தமுத்தண்ணே. விடிஞ்சுச்சு."

அவள் எங்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள், சுகந்தியின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திறந்தாள், பிள்ளையை மடியில் கிடத்தி அளவாக ஊற்றிப் புகட்டினாள், வாயைத் துடைத்தாள், நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். "கை நடுங்குதுன்னா சொல்லு, அடுத்த வேளைக்கும் நானே வந்து குடுக்குறேன். இவங்க பேச்சக் கேட்டு நிறுத்துன, உன்னை உரிச்சுப்புடுவேன்" என்று சுகந்தியிடம் சொன்னாள்.

"கிழங்கு?" என்றான் எங்களில் ஒருவன். அவன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி எங்கள் எல்லோர் வாயிலும் இருந்தது.

பூரணம் திரும்பி எங்களைப் பார்த்தாள். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்போம். கடைக்குப் புதிதாக வந்த அசலூர்க்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"காலையில நான் வர்றேன். அதுவரைக்கும் இந்த வாசல்ல ஒருத்தரும் உக்காரக் கூடாது."

விடியலில் மேல்காடு முழுக்க வெள்ளை. எங்கள் மூச்செல்லாம் புகையாக எழுந்துகொண்டிருந்தது. பூரணம் ஓடைப்பக்கமாகச் சுற்றாமல் நேர்வழியாகவே வந்தாள், தலைக்குக் குளித்திருந்தாள், ஈரக்கூந்தலிலிருந்து ஆவி பறந்தது. காத்தமுத்து சாவியைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அவளைப் பார்க்கத் தெம்பில்லை. அவள் முதலில் செவலையைச் சுற்றி வந்தாள். பின்னால் தொட்டி மாட்டும் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் வந்து நின்று, வீட்டுக்கு வந்த கடன்காரப் பங்காளியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"அன்னைக்கு அவ உம்முதுகுக்குப் பின்னாலதான் படுத்துக் கெடந்தா. அன்னைக்குக் கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். நீ கேக்கல. இப்பக் குடுக்குறேன், வாங்கிக்க. எம்பிள்ளையோடது. பாத்து வெச்சுக்க."

இரண்டு உள்ளங்கைகளையும் இன்ஜின் மேல் வைத்தாள், கன்னத்தையும் வைத்தாள். காத்தமுத்து சாவியைத் திருப்பினார். செவலை இருமவில்லை, சிலிர்க்கவில்லை, புகை விடவில்லை, மார்கழியில் அது அப்படிக் கிளம்பி நாங்கள் பார்த்ததே இல்லை. மெல்லிய குரலில் ஓடத் தொடங்கியது. பம்பு தண்ணீரை இழுத்தது, குழாய்களின் வாய் திறந்தது, மேல்காட்டின் கடைசிச் செடிவரை தண்ணீர் போய்ப் பனியைக் கழுவியது, அதற்குப் பிறகுதான் சூரியன் பாறைக்கு மேலே வந்தது. வந்து, கருக்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல், பச்சை இலைகளில் மின்னிக்கொண்டு நின்றது.

நாங்கள் கூத்தாடினோம். அப்போதுதான் பூரணம் தன் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பற்கள் கிட்டிக்க நிற்பதைக் கண்டோம்.

"குளுருதுண்ணே" என்றாள் காத்தமுத்துவிடம்.

அவர் இருக்கையிலிருந்து குதித்து இறங்கித் தன் கம்பளியை அவள்மேல் போர்த்தினார். போர்த்திவிட்டு, வயதான மனுஷன், அவள் எதிரில் நின்று கேவிக் கேவி அழுதார். "அழுகாத, வண்டி ஓடுது பாரு, போயிப் பாரு" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள். பவித்ரா அன்று மத்தியானம் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்காமல் முறுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து செவலைக்கு யாருடைய காய்ச்சலும் தேவைப்படவில்லை. எவ்வளவு பனி கொட்டினாலும் முதல் திருப்பிலேயே கிளம்பியது. இன்ஜினை அணைத்த பிறகும் அது ஆறுவதில்லை. கொதிப்பாகவும் இல்லாமல் குளிராகவும் இல்லாமல், சீக்குப்பிள்ளையின் நெற்றி சுடுமே, அந்தச் சூடு. அதன்மேல் மட்டும் உறைபனி உட்காராது. ராத்திரியில் ஊர்க்கோழிகள் அதற்கடியில் அடைந்தன, தயிர்ச் சொம்புகள் அதன் தலைமேல் வரிசை கட்டின. வந்த காய்ச்சல்களெல்லாம் வெறும் காய்ச்சலாகிவிட்டதால் நாங்கள் நர்ஸம்மாவின் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினோம், அவர் சந்தேகத்தோடு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

பூரணம் கம்பளி போர்த்த ஆரம்பித்தாள். தினமும் கடை திறக்கும் முன்னால் செவலையிடம் வந்து, புறங்கையை அதன் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இருக்கு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போவாள். மழை பெய்தாலும் வருவாள், ஊருக்குப் போயிருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அங்கேதான் வருவாள். அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் பழகிவிட்டது, கடந்துபோகும்போது நாங்களும் ஒரு கை வைத்துப் பார்ப்போம். அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறுவது எவ்வளவு சுகம் என்று எப்படிச் சொல்வேன். இத்தனை வருஷம் கழித்தும் இந்த வேகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஏங்குவது அந்தச் சூட்டுக்குத்தான்.

பவித்ரா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், பங்குனி மாதம், பனியெல்லாம் முடிந்து பீச் மரங்கள் பூத்திருந்த ஒரு காலையில் காத்தமுத்து செவலையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். எங்களைக் கூப்பிட்டார். நாங்களும் தொட்டோம். இரும்பு சில்லென்றிருந்தது, கோழிகள் எழுந்து போயிருந்தன, அதன் நெற்றியில் பனித்துளிகள் அரும்பியிருந்தன. டீசலைப் பார்த்தோம், ஆயிலைப் பார்த்தோம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதைப் பூரணத்திடம் யார் போய்ச் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். காத்தமுத்து பயத்தில், அடியில் நெருப்பு வைத்தாவது அதைச் சுடவைத்துவிடலாமா என்றுகூடக் கேட்டார்.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். விலகி வழிவிட்டோம். வழக்கம்போல் புறங்கையை வைத்தாள். எடுத்தாள். உள்ளங்கையை வைத்தாள். குனிந்து கன்னத்தையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் மணியடிக்கும் முன்னால் பிள்ளைகள் போடுகிற கூச்சல் மட்டும் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தபோது கன்னத்தில் ஈரம் இருந்தது. முந்தானையை எடுத்துத் தன் கன்னத்தைத் துடைக்காமல், செவலையின் நெற்றியில் அரும்பியிருந்த துளிகளை ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.

"வேர்த்திருக்கு பாத்தியாண்ணே" என்றாள். "காய்ச்சல் விட்டிருச்சு. எந்திரிச்சு வெளையாடப் போயிருப்பா."